அசையாத முகங்கள்

கிட்ட வாங்க கண்ணுகளா, சிலையாகிப்போன ஒரு விற்பனைக்காரர் கதை சொல்கிறேன்.

வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை ஆபீசுக்கு யாருய்யா வர்றீங்க?"

விற்பனைக்காரருக்குத் திக்கென்றது. கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக மகளை மூன்று வாரம் ஏமாற்றியிருந்தார். நெட் நின்றுபோனது போல, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை.

ஐந்து நிமிடமாயிற்று. திரையில் மேனேஜர் உட்பட ஒரு முகமும் அசையவில்லை.

"பாப்பா, நிஜமாவே நெட் போயிடுச்சு! கடலுக்குப் போறோம்டா!" என்று துள்ளினார்.

மேனேஜரின் உதடு அசைந்தது. "நானும் சிலையா இருந்து பார்த்தேன். பன்னிரண்டு பேர்ல உங்க நெட்டுதான்யா நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்துடுங்க."

மற்ற பதினோரு பேரும் அப்போதும் மூச்சுவிடவில்லை. ஒருத்தர் மட்டும் கண் சிமிட்டினார்.

உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கே இருக்கட்டும், செல்லங்களா.