ஆட்சேபணை

"ஜெயிலுக்குள்ள போயிட்டா கட்டுன தாலி செல்லாதாமே, நெசமா தாயி?"

ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்து சிமென்ட் பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பிச்சையம்மாள் கேட்டேவிட்டாள். முன்பின் தெரியாத முகம். அதனால்தான் கேட்க வாய் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கா அப்படிச் சொன்னது?"

"எங்கண்ணன்தான். இன்னிக்கும் ஜாமீன் கெடைக்கலேன்னா வெத்துப் பத்திரத்துல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு எங்கூட வந்துரு, அத்துவிட்டுருவோம்ங்குது."

"போட்டுறாதீகக்கா! ஜெயிலுக்குப் போனா கல்யாணம் முறியாது. விவாகரத்துன்னா கோர்ட்டுதான் கொடுக்கணும். வெத்துப் பேப்பருல மட்டும் எதுக்குமே கையெழுத்துப் போடாதீக."

அடேயப்பா! மூன்று வாரமாகப் பிச்சையம்மாளின் மனசைக் குடைந்த கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் வந்துவிட்டது. அவள் பெஞ்சில் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்து, கதையைக் கொட்டினாள்.

அவளுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஊர். மிளகாய் மூட்டை ஏற்றும்போது லாரி டிரைவருக்கும் அவள் புருஷன் முனியசாமிக்கும் வாய்த்தகராறு. முனியசாமிக்கு முன்கோபம். மண்வெட்டிக் காம்பால் டிரைவர் மண்டையில் ஒரே போடு. டிரைவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார், முனியசாமி கொலை முயற்சி வழக்கில் ஜெயிலுக்குப் போனான். முதல் ஜாமீன் மனு தள்ளுபடி. இரண்டாவது மனு இன்றைக்கு வருகிறது.

அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். பெயர் ஜெயசுதா என்று மட்டும் சொன்னாள்.

"ஸ்டேசன்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாராம் தாயி. அம்புட்டுத்தானா? கத முடிஞ்சிருச்சா?"

"போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டத வச்சுத் தண்டனை கொடுத்துற முடியாதுக்கா. கோர்ட்டுல சாட்சி வச்சு நிரூபிக்கணும். வக்கீல் இருக்காரா?"

"இலவச வக்கீல் குடுத்திருக்காக. நல்ல மனுசன்தான். ஆனா எதாச்சும் கேக்கப் போனா கைக்கடிகாரத்தப் பாக்குறாரு."

ஜெயசுதா லேசாகச் சிரித்தாள். "ஜாமீன் கெடச்சா ரெண்டு பேரு ஜாமீன்தாரரா வரணும். ஆதாரும் வீட்டு வரி ரசீதும் கையோட கொண்டாரச் சொல்லுங்க. தெனமும் ஸ்டேசன்ல போயி கையெழுத்துப் போடணும்னு கண்டிசன் போடுவாக. ஒரு நாள் தவறுனாலும் திரும்ப உள்ளதான். அவருகிட்ட அடிச்சுச் சொல்லிருங்க."

பிச்சையம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். இவ்வளவு விஷயம் இந்தச் சின்ன மண்டைக்குள் எப்படித்தான் அடங்கியிருக்கிறதோ!

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கியா தாயி?"

"பத்தாவதுதான்க்கா. எங்க வீட்டுலயும் ஒரு அடிதடி கேசு. வக்கீல்கிட்ட, ஸ்டேசன்லன்னு ஒவ்வொன்னாக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"ஆத்தி! உன் வீட்டுக்காரருமா?"

"ஆமாக்கா. அவரால சரியா அடுப்பெரிஞ்சே மூணு வாரமாச்சு."

பாவம், நம்மளப் போலத்தான் என்று பிச்சையம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கேள்வியைக் கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"அடிபட்டவுக வீட்டுல ஆட்சேபணை பண்ணுனா ஜாமீன் கெடைக்காதாமே?"

"கெடைக்கவே கெடைக்காதுன்னு இல்ல. ஆனா கஷ்டம். அடிபட்டவரு இன்னும் ஆசுபத்திரில கெடந்தா ரொம்பக் கஷ்டம். போன தடவ அதச் சொல்லித்தான தள்ளுபடி பண்ணுனாக?"

"அதேதான்!" பிச்சையம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "கூடவே இருந்து பாத்த மாதிரி சொல்றியே!"

ஜெயசுதா பார்வையைக் கோர்ட்டு வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதான் தாயி, அந்த டிரைவர் நல்லபடியா எந்திரிச்சு நடக்கணும், ராமேசுவரத்துக்கு நடந்தே போயி அவுக பேரச் சொல்லி அக்கினித் தீர்த்தத்துல முங்குறேன்னு நேந்திருக்கேன். பொய் சொல்ல மாட்டேன், மொதல்ல எங்காளு வெளிய வரணும்னுதான் கும்பிட்டேன். அப்புறம் அந்த வீட்டுப் பொம்பள நெனப்பு வந்துருச்சு. பாவி மக, அவளுந்தான சோறு எறங்காமக் கெடப்பா?"

"போயிப் பாத்தீகளா?"

"மதுர ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போனேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போக? கேட்டுல நின்னு அழுதுட்டு பஸ் ஏறிட்டேன்."

ஜெயசுதா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஊரான் வீட்டுக் கஷ்டத்துக்கு இப்படிக் கண்ணீர் விடுகிறாளே, எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்று பிச்சையம்மாளுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அப்போது கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் காகிதத்தோடு வேகமாக வந்தார். பிச்சையம்மாளுக்கு அவர் யாரென்று தெரியாது.

"ஜெயசுதா, இங்கனயா உக்காந்திருக்கீங்க? அடுத்து முனியசாமி ஜாமீன் மனுதான். இந்த ஆட்சேபணை மனுவுல சீக்கிரம் கையெழுத்தப் போடுங்க."

பேனாவை வாங்காமலே ஜெயசுதா எழுந்தாள். பிச்சையம்மாளின் கையை மட்டும் அவள் விடவில்லை.

"ஆட்சேபணை இல்ல சார். எங்க வீட்டுக்காரரு நேத்தே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துட்டாருன்னு ஜட்ஜ் ஐயாகிட்ட நானே வந்து சொல்றேன்."