கதவுக்கு வெளியே அமைதி

ஞாயிறு மதியம் மூன்று மணி. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாள் இது. குளியலறைக் கதவைத் தாழிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டே போகும் நாவலின் கடைசி அத்தியாயம். மங்கலான ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் ஈரத் தரையில் சாம்பலாய்ப் படிந்து கிடக்கிறது. உள்ளே வரும்போது ஐந்து வயது மகளிடம், "தம்பி அழாம பாத்துக்கோ கண்ணு, அம்மா இதோ வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். முதலில் சிணுங்கல் கேட்டது. பிறகு அழுகை. எழுந்திருக்கலாமா என்று நினைக்கும்போதே அது சட்டென்று நின்றுவிட்டது. சமர்த்து, சமாளித்துவிட்டாள் என்று அடுத்த வரிக்குப் போகிறாள். பேனா தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அரைப் பக்கம் நிறைந்த பிறகுதான், இந்த வீடு பகலில் இவ்வளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை என்பது உறைக்கிறது. தாழ்ப்பாளை இழுக்கிறாள். கதவுக்கு நேர் எதிரே மகள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு வயதுத் தம்பி. அவன் வாயின் மேல் அவளுடைய இரண்டு கைகளும் அழுந்தியிருக்கின்றன. அவன் முகம் கன்றிச் சிவந்திருக்கிறது. மூக்கு மட்டும் விடைத்து விடைத்துச் சுருங்குகிறது. அம்மா பாய்ந்து அந்தக் கைகளைப் பிரித்தெடுக்கிறாள். பிள்ளைக்கு முதலில் மூச்சுதான் வருகிறது, அலறல் அதற்குப் பிறகு. மகளின் உள்ளங்கையில் அவனுடைய புதுப் பற்கள் பதிந்து ரத்தம் கசிகிறது.

"நான் அவன அழவே விடலம்மா" என்கிறாள் அவள். "எழுதி முடிச்சிட்டியா?"