சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங்

விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுவாரம், எஸ்தரின் வீட்டு வாசலில் நின்ற தன் பைக்கை எடுத்துப்போக சகாயராஜ் வந்தான். சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் கழன்றிருந்தது. ஸ்டாண்டு தரையில் இழுபட்டதால் வண்டியை ஓட்ட முடியாது. எஸ்தர் வெளியே வந்து வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். அவன் குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிங்கின் முனையில் கயிற்றைக் கட்டி இழுத்தான். இரண்டு முறை நழுவித் தெறித்தது. மூன்றாம் முறை அவன் விரலைக் கிழித்தது.

"ரத்தம் வருதுங்க."

"நீ வண்டிய விட்டுறாத, சாஞ்சிரும்."

அடுத்த முறை ஸ்பிரிங் கொக்கியில் மாட்டியது. ஸ்டாண்டைத் தட்டினான். அது விருட்டென்று மேலேறி நின்றது.

"சரியாயிருச்சு" என்று எழுந்து, வண்டியை வாங்கக் கை நீட்டினான்.

எஸ்தர் காலால் ஸ்டாண்டை இறக்கி, வண்டியை அதன்மேல் சாய்த்தாள்.

"உள்ள வந்து கையக் கழுவுங்க."