கைத்தடியில் ஏறிய கொடி

இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறவள், விடுமுறையான இன்றுதான் பகலில் கொல்லைப்பக்கம் வருகிறாள். கொடிக்கயிற்றில் போட எடுத்த ஈரத்துணி கையிலேயே தங்கிவிடுகிறது. சுவரில் சாய்ந்திருக்கும் கணவரின் கைத்தடியை மயில்மாணிக்கக் கொடி அடியிலிருந்து பிடிவரை சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறது. இறகு போன்ற இலைகள் காற்றே இல்லாமல் நடுங்குகின்றன. பிடியின் வளைவில், விரல்கள் பதிய வேண்டிய இடத்தில், ஒரு சிவப்புப் பூ ஐந்து முனையும் விரித்து நிற்கிறது. துணியிலிருந்து சொட்டும் நீர் அவள் பாதத்தில் விழுகிறது. சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட பெயிண்டரான அவர் உள்ளே ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார். நடக்காவிட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "தினமும் நடக்கிறீங்கதானே?" என்று இங்கிருந்தே கேட்கிறாள். "நடக்காம? கொல்லையில நாலு ரவுண்டு. தடி தேயுது போ!" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரலில் பிசிறே இல்லை. அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு, நூல் பிரிக்கிற பொறுமையோடு கொடியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றிக் கயிற்றில் ஏற்றிவிடுகிறாள். பிடியைச் சுற்றிய நுனியை மட்டும் பூவோடு கிள்ளி, தடியிலேயே விட்டுவிடுகிறாள். உள்ளே போய்த் தடியை அவர் நாற்காலியில் சாத்துகிறாள். அதன்பிறகு ரேடியோ மட்டும் பாடுகிறது.