ஓட்டையில்லாத ஆறு காசுகள்

"ரோமானியப் பேரரசு விழுந்ததுக்கு ஒரே காரணம், காசுல ஓட்டை போட ஆரம்பிச்சதுதான்" என்றார் பல் டாக்டர்.

சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம்.

"படையெடுப்புன்னுதானே நான் படிச்சேன்?" என்றாள் மனைவி. நோயாளிகள் சாயும் நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். புதன்கிழமை மதியம் கிளினிக் கிடையாது.

"அதெல்லாம் அப்புறம் வந்தது. முதல்ல ஓட்டை. எந்த நாசமும் ஓட்டையிலதான் ஆரம்பிக்கும். இருபது வருஷமா வாய்க்குள்ள பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

இடுக்கியும் ஊசியும் இருக்க வேண்டிய எவர்சில்வர் தட்டில் நாற்பத்துமூன்று ரோமானியக் காசுகள் கிடந்தன. பதினோரு வருடமாகச் சேர்த்தவை. நாணயச் சங்கத்தின் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஒரு வருடத்துக்கு ஒருவருடைய காசுகள் மட்டும் அதில் இருக்கும், கீழே அவர் பெயரோடு. ஒரே தலைப்பில் ஆறு காசுகள் வேண்டும், ஒன்றில்கூடச் சேதம் இருக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. டாக்டர் வருடாவருடம் 'தலைப்பு' என்ற இடத்தில் 'பலவகை' என்று எழுதுவார். வருடாவருடம் படிவம் திரும்பி வரும். அந்தப் பெட்டியைப் பார்க்கவே சங்கத்துக்குப் போய்வருவது அவர் வழக்கம். இந்த வருடப் படிவம் இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"சிரிக்கிற ராஜாக்கள்னு வைங்களேன். பல் டாக்டருக்குப் பொருத்தமா இருக்கும்."

"ஒருத்தனாவது பல்லைக் காட்டணுமே! அத்தனை பேரும் பல்வலிக்காரன் மாதிரி உம்முனு உட்கார்ந்திருக்கானுங்க."

"மிருகம்?"

"ரெண்டு சிங்கம், ஒரு யானை, ஒரு ஓநாய். அந்த ஓநாயும் ஓநாயா நாயான்னு எனக்கே சந்தேகம்."

"கப்பல்? அஞ்சு இருக்கே. இன்னும் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுது."

"கப்பல் வேணாம்."

"ஏங்க?"

"வேணாம்னா வேணாம்."

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு பேச்சை மாற்றினாள்.

"போன மாசம் பழங்காசுக் கடைக்காரர் ஒரு ஓட்டைக் காசு சும்மாவே கொடுத்தாரே, அதை வச்சிருக்கலாம். எவ்வளவு அழகு! யாரோ ஒருத்தி, புருஷன் சண்டைக்குக் கிளம்பறப்ப நூல்ல கோத்துக் கழுத்துல போட்டு அனுப்பியிருப்பா."

"அனுப்பியிருப்பா. வந்தானா அவன்? காசுதான் வந்துச்சு, கடைக்கு. அதான் அவர் மூஞ்சிக்கு நேராவே திருப்பிக் கொடுத்தேன். ரெண்டாயிரம் வருஷத்துப் பொருளைப் பிரியம்ங்கிற பேர்ல பாழாக்கறது! அறிவுள்ளவன் செய்வானா?"

"அவ ஓட்டை போட்டப்ப அது அந்த வருஷம் அடிச்ச புதுக்காசுங்க."

பதில் இல்லாதபோது யாரிடமும் சொல்வதை டாக்டர் அவளிடமும் சொன்னார். "கொப்புளிச்சுத் துப்பு."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "ராஜா, சிங்கம்னு பெரிசு பெரிசாவே தேடினா இப்படித்தான். இது என்ன, ரெண்டு கை?"

"அதுவா? ரெண்டு வலது கை கோத்திருக்கும். ஒத்துமைன்னு அர்த்தம். பெரிய சண்டை வரப்போகுதுன்னா உடனே இதை அடிச்சு விடுவாங்க."

"இதோ இன்னொண்ணு. இங்க பாருங்க, இன்னொண்ணு."

மூன்று, நான்கு, ஐந்து என்று தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். ஆறாவது ஒரு வெள்ளிக்காசு. டாக்டரின் செல்லப்பிள்ளை. ஆறு மாதம் பேரம் பேசி வாங்கியது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீறல் இல்லை, விரிசல் இல்லை. பதினோரு வருடமாகக் கண்முன்னே கிடந்திருக்கிறது தலைப்பு!

'கைகோத்த காசுகள்' என்று படிவத்தில் எழுதினார். அவர் கையெழுத்தை மற்றவர்கள் படிக்க முடிந்தது அதுவே முதல் தடவை.

"ஆறே ஆறுதான் இருக்கு, டாக்டர் சார். ஒண்ணு போனாலும் பெட்டி போச்சு. பத்திரம்" என்றாள் மனைவி. அவர் தலையை ஒரு தட்டுத் தட்டினாள். "மேல எனக்குக் கொஞ்சம் வேலை பாக்கி. நீங்க நேரத்தோட போய்ப் படிவத்தைக் கொடுத்துட்டு வாங்க."

கிளினிக்குக்கு மேலேதான் வீடு. அவள் படியேறும் சத்தம் நிற்கும்வரை டாக்டர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் தாழிட்டார். விளக்கைத் தாழ இறக்கினார். ஆறாவது காசை இடுக்கியில் பிடித்து, பல்லைக் குடையும் கருவியை எடுத்து, காலால் மிதியை அழுத்தினார்.

"கொஞ்சம்தான். பொறுத்துக்கோ" என்றார் காசிடம்.

கோத்த கைகள்மேல் படாமல், மேல் ஓரத்தில், சின்னதாக ஒரு ஓட்டை. தூளை ஊதிவிட்டு, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போட்டார். படிவத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மாடியில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டாக்டர் பூனைபோல நுழைந்து, திறந்து கிடந்த பெரிய துணிப்பெட்டிக்குள் குனிந்து, நாளைக் காலை ஒன்பது மாதப் பயணம் கிளம்பும் கப்பலின் இரண்டாம் இன்ஜினியருடைய சீருடைப் பைக்குள் அந்த ஓட்டைக் காசைப் போட்டார். சீருடையின் மார்பில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை ஒருமுறை துடைத்துவிட்டார். அதில் இருந்தது அவர் மனைவியின் பெயர்.