அண்ணன் சொன்னது

“ரஞ்சித் வரலையா?”

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன்தான் முதலில் கேட்டார்.

“நான் மேகலாவோட அப்பா” என்றான் முருகானந்தம். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

குவைத்திலிருந்து போன வாரம்தான் வந்திருந்தான். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த லீவு. ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் கூட்டம் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. அதுவும் வழக்கம்போல் தம்பி ரஞ்சித்தின் போனுக்குத்தான் வந்தது.

“நானும் வரட்டுமாண்ணே?” என்று கேட்டான் தம்பி.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஜீயபுரத்தில் பஸ் ஏறினான் முருகானந்தம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வரும்வரை மேகலா வாய் ஓயாமல் பேசினாள். பேசியதெல்லாம் சித்தப்பாவைப் பற்றி.

ஹாலுக்குள் அவள் நேராக முன்பக்கம் போனாள்.

“இங்கதாம்ப்பா காத்து வரும். சித்தப்பா எப்பவும் இங்கதான் உக்காருவாங்க.”

அவன் பின்வரிசையில், ஓடாத ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தான். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பங்குனிப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து இடம் மாறவும் மனசு வரவில்லை.

முன்னால் இருந்த ஒரு அம்மாள் திரும்பினார்.

“எங்கம்மா உன் சித்தப்பா? போன தடவை அவர் கேட்டதாலதானே சாயங்கால கிளாஸுக்குச் சுண்டல் குடுக்க ஆரம்பிச்சாங்க!”

முருகானந்தத்தைப் பார்த்து, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டி ஓட்டுகிறவன் ரஞ்சித். இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. அவனுக்கு இங்கே இத்தனை பேரைத் தெரிகிறது. ஃபீஸ் கட்டுவது யார் என்று யாராவது கேட்கிறார்களா?

மேகலாவின் வகுப்பாசிரியை லூர்துராணி மைக்கைப் பிடித்தார். ப்ளஸ் டூ பாடம் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். நீட் எழுத நினைக்கிற பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம். தினமும் வந்து மதியத்தோடு திரும்பிப் போகலாம். அதுவும் முடியாதவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் பாடம் கேட்கலாம். எது வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

ஹாஸ்டல் என்றால் ஜூன் தொடக்கம் வரைக்கும். அவனுடைய லீவும் அதுவரைக்கும்தான்.

வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று அவன் அப்போதே முடிவு செய்துவிட்டான். இந்தத் தடவையாவது மகள் தன் பக்கத்தில் இருக்கட்டும்.

அவர்கள் முறை வந்தது. டீச்சர் மேகலாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவர் கண்கள் முருகானந்தத்தைத் தாண்டி, பின்னால் யாரையோ தேடின.

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

“மேகலாவோட அப்பா நான்தான் டீச்சர். இனிமே தகவலெல்லாம் எனக்கே அனுப்புங்க. தம்பி நம்பரை எடுத்துடுங்க.”

மேகலா தலை குனிந்துகொண்டாள்.

டீச்சர் போனை எடுத்து, பெற்றோர் குரூப்பில் ரஞ்சித்தின் பெயரைத் தேடி நீக்கினார். அவ்வளவுதான், போய்விட்டது. முருகானந்தத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

“ரொம்ப சந்தோஷம் சார். உங்களை ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு இருந்தேன்” என்றார் டீச்சர்.

“என்னையா?”

“என்ன கேட்டாலும் உங்க தம்பி, ‘அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்’னு போனை எடுத்துக்கிட்டு வராண்டாவுக்குப் போயிடுவாரு. பேசிட்டு வந்து, ‘அண்ணன் இப்படிச் சொன்னாங்க’ம்பாரு. போன வருஷம் மேகலா பயாலஜி கேட்டா, நாங்க எல்லாரும் அவ மார்க்குக்குக் கம்ப்யூட்டர் குரூப்தான் சரின்னு சொன்னோம். ‘பிள்ளை ஆசைப்பட்டதைக் குடுங்க, மார்க்கை அப்புறம் பாத்துக்கலாம்’னு நீங்க சொன்னீங்களே! அதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?”

அப்படி ஒரு போன் முருகானந்தத்துக்கு வந்ததே இல்லை.

வந்திருந்தால், டீச்சர் சொல்வதையே எடுக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் பெருமை. அப்பாதான் சொன்னார் என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

காலையிலிருந்து தம்பியை நினைத்து எரிந்துகொண்டிருந்த வயிறு இப்போது வேறு ஒருவனை நினைத்து எரிந்தது. யாரும் பேசாத அந்தப் போனில் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னானே, அந்த முருகானந்தத்தை நினைத்து.

“இப்ப நீங்களே வந்துட்டீங்க. சொல்லுங்க சார், ஹாஸ்டலா? வீட்லேருந்தா?”

மேகலா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன ஆசை என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

“ஒரு நிமிஷம் டீச்சர்.”

எழுந்து வராண்டாவுக்கு வந்து போன் போட்டான். தம்பி உடனே எடுத்தான். பின்னால் யாரோ வாழைத்தாரைப் பத்திரமாக இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுண்ணே.”

முருகானந்தம் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்தான்.

“ரஞ்சித்து,” என்றான், “ஹாஸ்டலா, வீடான்னு டீச்சர் கேக்குறாங்க. நான் என்ன சொன்னேன்னு சொல்லுடா.”