எதிர்ப்பு: ஒன்று

"ஆதரவு ஐம்பத்திரண்டு, எதிர்ப்பு ஒண்ணு. அந்த ஒண்ணு யாருன்னு தெரியாம இந்தப் புத்தகம் அச்சுக்குப் போகாது," என்றார் சர்வேயர்.

"நாளைக்குக் காலையில அச்சகத்துக்காரர் வாசல்ல வந்து நிப்பார்," என்றார் அவர் மனைவி, காய்ந்த துணிகளை மடித்தபடி.

அவர்களுடைய பாப்டிஸ்ட் சபைக்கு நூற்றிருபத்தைந்து வயது. அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு, ஊர் நிலத்தையெல்லாம் அளந்துவிட்டு ஓய்வுபெற்ற சர்வேயரிடம் வந்து சேர்ந்தது. கூரை பறந்த ஆண்டு, இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்த போதகர், ஆர்மோனியத்துக்காகச் சபை இரண்டுபட்ட கதை எல்லாம் எழுதி முடித்துவிட்டார். நாற்பத்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில்தான் பேனா நின்றுவிட்டது. அது அவருடைய பக்கம்.

ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர் மூன்று மாதம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். பிறகு அவரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே சபையார் கை தூக்குவார்கள். ஒரு கை எதிர்த்தாலும் இன்னொரு மூன்று மாதம் வகுப்பு. காரணம் கேட்கக் கூடாது. யார் கை என்று வெளியே சொல்லவும் கூடாது.

"வாராவாரம் உங்க வீட்டுக் கூடத்துல உங்க அப்பாகிட்ட உட்கார்ந்து படிச்சேன். ஒரு வாரம் தவறினதில்லை. தொட்டி நிறையத் தண்ணி. கூட வந்த நாலு பேரும் முழுகி எழுந்து வந்தாங்க. நான் மட்டும் காஞ்ச துண்டோட வீட்டுக்குப் போனேன்."

"அந்தத் துண்டை நீங்க இன்னும் தோள்ல இருந்து இறக்கலை."

சிரிப்பாகச் சொன்னாலும், அவருக்கு அது நிஜமாகவே வலித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில், வீட்டாரைத் தவிர மிஞ்சிய மூன்று பேரையும் போய்ப் பார்த்துவிட்டார். ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். இன்னொருவர் தூங்குவதுபோல் பாவனை செய்தார். பழைய நர்ஸம்மா, "அதனால உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லையே தம்பி," என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். இவர்கள் யாரோ வேண்டியவரைக் காப்பாற்றுகிறார்கள் என்று சர்வேயருக்கு உறுதியாகிவிட்டது. மச்சானை வரச் சொன்னார்.

மச்சான் தச்சர். சபையின் பெஞ்சுகளில் பாதி அவர் கை வேலை. வந்தவர் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், நேராவே கேக்கறேன். அந்தக் கை உங்களோடதுதானே?"

சர்வேயர் மனைவி மடித்து வைத்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தார். தச்சர் தங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா மாப்பிள்ளை. நான்தான்."

"நினைச்சேன். ஏன்?"

"அப்போ பச்சை மரமா இருந்தீங்க. கொஞ்சம் உலரட்டும்னு விட்டேன்."

சர்வேயர் பேனாவை எடுத்து, 'எதிர்ப்பு: ஒன்று. அது இந்நூலாசிரியரின் மைத்துனருடையது' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். எல்லைக்கல் கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது.

"ஆனா ஒண்ணு மச்சான். அந்த இரண்டாவது மூணு மாசத்துலதான், உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கறதே என் கண்ணுல பட்டுது. அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்."

"பெரிய மனசு," என்று எழுந்தார் தச்சர்.

தங்கை வாசல்வரை கூடவே போனார்.

"பாவம் அண்ணா நீங்க. அச்சுல வந்தா அழிக்கவா முடியும்?"

"வந்துட்டுப் போகட்டும். நாற்பத்தாறு வருஷமா கேக்கணும்னு இருந்தேன், இப்பவாவது சொல்லு. நல்ல பிள்ளைதானே அவர்? அன்னைக்கு அப்பா பக்கத்துலயே உட்கார்ந்துகிட்டு நீ எதுக்குக் கையைத் தூக்கினே?"

தங்கை திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். சர்வேயர் குனிந்து, எழுதிய பக்கத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன பண்றது? முதல் மூணு மாசமும் அந்த மனுஷன் புத்தகத்தை விட்டுத் தலையே நிமிரலையே அண்ணா."